மெஜிக் அரீனா: அடுக்கைச் சரியாகத் தீர்க்கும், ஆனால் காட்டித்தராது

மெஜிக் என்ற கார்ட் விளையாட்டை ஆடுகிறவர்களுக்குள் கிளம்பும் வாக்குவாதத்தில் பாதி ஒரே கேள்விதான். "நீ அபிலிட்டியப் போட்டாய், நான் அந்தக் கார்ட்டையே கொண்டுட்டன். பிறகு எப்பிடி மச்சான் எனக்கு அடி விழும்?" விழும். எதிரே இருப்பவர் அதை நம்பமாட்டார். விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினாலும் அரை மனதோடுதான் ஒத்துக்கொள்வார். நடுவர் வேலையை ஒரு கணினி நிரலிடம் ஒப்படைத்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லை என்பதுதான் 'மெஜிக்: த கேதரிங் அரீனா' என்ற ஆப்பின் முதல் கவர்ச்சி. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக விடுதியிலோ ஒலுவில் பல்கலைக்கழக விடுதியிலோ கூட விளையாட ஆள் கிடைக்காத இரவிலும் எதிராளி கிடைப்பார் என்பது இரண்டாவது. ஆப் இலவசம். விண்டோஸ், மெக், அண்ட்ரொய்ட், ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். 2019 செப்டெம்பரில் கணினிக்கு முழுமையாக வெளிவந்தது, 2021இல் போனுக்கு வந்தது. தமிழ் இடைமுகம் கிடையாது. அட்டையில் உள்ள ஆங்கிலத்தை வாசிக்கத்தான் வேண்டும்.

ஒரே நேரத்தில் பல அபிலிட்டிகள், அதாவது கார்ட்டில் எழுதியிருக்கும் செயல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது அரீனா அவற்றை எப்படிக் கையாளுகிறது, புதிதாகப் பழகுகிறவருக்கு அதை எவ்வளவு புரியவைக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம். படங்கள் அழகா, இசை நன்றா என்பதெல்லாம் வேறு கதை.

முதலில் அடிப்படை. மெஜிக் 1993இல் வந்தது. இப்போதுள்ள ஸ்டாக், அதாவது அடுக்கு, 1999இல் ஆறாம் பதிப்பு விதிகளோடு வந்தது. ஸ்பெல் (கையிலிருந்து போடும் கார்ட்) போட்டாலும் சரி, ஒரு கார்ட்டின் அபிலிட்டியைச் செலவு கட்டி ஆக்டிவேட் செய்தாலும் சரி, அது உடனே நடப்பதில்லை. அடுக்கின் உச்சியில் போய் உட்காரும். இரண்டு பேரும் அடுத்தடுத்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று ப்ரயோரிட்டியை, அதாவது அடுத்துச் செயல்படும் உரிமையை, கைவிட்டால் உச்சியில் இருக்கும் ஒன்று மட்டும் தீரும், அதன் விளைவு நடக்கும். குழல் புட்டைக் கீழிருந்து தள்ளும்போது கடைசியாக இட்ட தேங்காய்ப்பூதான் முதலில் வெளியே வரும், இதுவும் அந்த ஒழுங்குதான். ஒன்று தீர்ந்ததும் யாருடைய முறை நடக்கிறதோ அவருக்கு ப்ரயோரிட்டி திரும்பக் கிடைக்கும். மிச்ச அடுக்கு கீழே அப்படியே இருக்கும்போதே அவர் புதிதாக ஒன்றை மேலே ஏற்றலாம். புதியவர்கள் தவறவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான். அடுக்கு ஒரே மூச்சில் சரிவதில்லை. ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒரு கதவு திறக்கிறது.

மேலே வந்த சண்டைக்கு விடை: ஆக்டிவேட் செய்த அபிலிட்டி அடுக்கில் ஏறிய கணத்திலிருந்து அது பிறந்த கார்ட்டைச் சாராதது. 'ப்ரொடிகல் சோர்சரர்' என்ற கார்ட் தன்னைச் சாய்த்து (பக்கவாட்டில் திருப்பி) 1 சேதம் கொடுக்கும் அபிலிட்டியைப் போட்டுவிட்டால், பதிலுக்கு நீங்கள் அந்தச் சோர்சரரைக் கொன்றாலும் அந்த 1 சேதம் வரும். சாய்ப்பது செலவு. செலவு அபிலிட்டியைப் போடும்போதே கட்டப்பட்டுவிட்டது. அட்டையில் முக்காற்புள்ளிக்கு இடது பக்கம் இருப்பதெல்லாம் செலவு, வலது பக்கம் இருப்பது விளைவு. செலவுக்கு யாரும் பதில் போட முடியாது, விளைவுக்குத்தான் போடலாம். அரீனாவில் இது பிழைக்கவே பிழைக்காது. இப்படி ஒரு கார்ட் சவக்குவியலுக்கு, அதாவது செத்த கார்ட்டுகள் கிடக்கும் இடத்துக்கு, போன பிறகும் அதன் அபிலிட்டி திரையின் வலப்பக்கத்தில் ஒரு சின்னக் கார்ட்டாகத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இலக்கை நோக்கி ஒரு அம்புக்குறியும் போகும். அந்த அம்பைப் பார்த்துப் பழகினாலே பாதி விதி மண்டைக்குள் ஏறிவிடும்.

மானா, அதாவது செலவு கட்டும் சக்தி, தருகிற அபிலிட்டிகள் மட்டும் இந்த அடுக்குக்கே வராது. நிலத்தைச் சாய்த்து மானா எடுப்பதற்கு எதிராளி பதில் போட முடியாது.

அபிலிட்டி மேல் அபிலிட்டி ஏறும் விஷயத்தை நல்ல ஒரு கார்ட்டை வைத்துப் பார்ப்போம். 2022இல் வந்த டொமினாரியா யுனைட்டட் தொகுப்பில் 'இவோல்வ்ட் ஸ்லீப்பர்' என்று 1 கறுப்பு மானாவுக்கு ஒரு 1/1 க்ரீச்சர் (சண்டையிடும் உயிரி; அடிக்கும் சேதம் 1, தாங்கும் சேதம் 1) உண்டு. அதற்கு மூன்று அபிலிட்டிகள். முதலாவதுக்கு 1 கறுப்பு: அது கிளெரிக் என்ற வகையைச் சேர்ந்த 2/2 ஆகும். இரண்டாவதுக்கு மொத்தம் 2 மானா, அதில் 1 கறுப்பு: அது கிளெரிக்காக இருந்தால் டெத்டச் கவுண்டர் (சேதம் கொடுத்த க்ரீச்சரைக் கொல்லும் தன்மைக்கான அடையாளம்) ஒன்றைப் பெற்று, ஃபைரெக்சியன் என்ற வகையும் சேர்ந்து 3/3 ஆகும். மூன்றாவதுக்கு மொத்தம் 3 மானா, அதில் 2 கறுப்பு: அது ஃபைரெக்சியனாக இருந்தால் +1/+1 கவுண்டர் ஒன்று ஏறும், நீங்கள் 1 கார்ட் எடுத்து 1 உயிர் இழப்பீர்கள். இவற்றில் எதுவுமே முறை முடிவில் கலைவதில்லை.

உங்களிடம் 6 நிலம் இருக்கிறது என்று வையுங்கள். மூன்றையும் ஒரே முறையில் செய்யலாம். வழக்கமான நிலையில் அரீனாவில் முதலாவதைத் தட்டினால், ஆப் உங்கள் சார்பில் ப்ரயோரிட்டியைக் கைவிட்டுவிடும். எதிராளி ஒன்றும் செய்யாவிட்டால் அபிலிட்டி உடனே தீரும். பிறகு இரண்டாவதைத் தட்டுவீர்கள், அதன் பிறகு மூன்றாவதை. எல்லாம் சரி.

இதையே ஃபுல் கன்ட்ரோலை, அதாவது ஆப் உங்கள் சார்பில் கைவிடாத நிலையை, போட்டுவிட்டு, தீரவிடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தட்டிப் பாருங்கள். உச்சியில் இருப்பது மூன்றாவது. அது தீரும்போது ஸ்லீப்பர் ஃபைரெக்சியனா என்று பார்க்கும். இல்லை, ஒன்றும் நடக்காது. அடுத்து இரண்டாவது தீரும்போது கிளெரிக்கா என்று பார்க்கும். இன்னும் இல்லை, ஒன்றும் நடக்காது. கடைசியில் முதலாவது தீர்ந்து 2/2 ஆகும். 6 மானா கொடுத்து 1 மானா வேலை. நிபந்தனையைப் போடும்போது அல்ல, தீரும்போதுதான் பார்க்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் கார்ட் குறைவு. தலைகீழாக மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏற்றினால் அதே 6 மானாவில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். நிபந்தனை பொருந்தாத நேரத்தில் போடக்கூடாது என்று எந்தத் தடையும் இல்லை.

தலைகீழாக ஏற்றுவது கெட்டித்தனம் போலத் தெரியும். ஆனால் அதில் லாபமில்லை, நட்டமே உண்டு. எதிராளியிடம் 2 சேதம் தரும் 'ஷாக்' இருந்தால், உங்கள் 6 மானாவும் போன பிறகு அடுக்கின் உச்சியில் அதை வைப்பார். ஸ்லீப்பர் இன்னும் 1/1. செத்துவிடும். கீழே கிடக்கும் மூன்று அபிலிட்டியும் வெறுமனே தீர்ந்து போகும்.

ஒன்றொன்றாகச் செய்பவருக்கு நிலைமை வேறு. முதலாவது தீர்ந்து 2/2 ஆகிவிட்டது. இரண்டாவதைப் போட்டீர்கள், எதிராளி பதிலுக்கு ஷாக் போடுகிறார். உங்களிடம் 3 மானா மிச்சம். ஷாக் அடுக்கில் இருக்கும்போதே இரண்டாவது அபிலிட்டியை இன்னொரு தரம் போடுங்கள். அது ஷாக்குக்கு மேலே ஏறி முதலில் தீரும், ஸ்லீப்பர் 3/3 ஆகும். ஷாக் 2 சேதம் தரும், சாகாது. அடியில் கிடந்த பழைய இரண்டாவது அபிலிட்டியும் தீரும். இன்னொரு டெத்டச் கவுண்டர் ஏறும், 3/3 அப்படியே இருக்கும்.

சரி, எதிராளி அவ்வளவு நேரம் காத்திருக்காமல் முதலாவது அபிலிட்டிக்கே பதிலாக ஷாக் போட்டால்? இங்கேதான் அனுபவசாலியும் வழுக்குவார். உங்களிடம் 5 மானா இருக்கிறது. ஷாக்குக்கு மேலே முதலாவதை மறுபடி போட்டுத் தீரவிட்டு 2/2 ஆக்குகிறீர்கள். பிறகு இரண்டாவதைப் போட்டுத் தீரவிட்டு 3/3 ஆக்குகிறீர்கள். ஷாக் தீருகிறது, 2 சேதம், உயிர் தப்பிவிட்டது என்று மூச்சு விடுவீர்கள். ஆனால் அடுக்கின் அடியில் முதன்முதல் போட்ட அந்த 1 கறுப்பு இன்னும் கிடக்கிறது. அது தீரும்போது ஸ்லீப்பரின் அடிப்படை அளவைத் திரும்ப 2/2 ஆக்கும். 2 சேதம் ஏற்கனவே பட்டிருக்கிறது. ஸ்லீப்பர் செத்தது, கொன்றது உங்கள் சொந்த அபிலிட்டி. மிச்சமிருக்கும் 2 மானாவால் ஒன்றும் செய்ய முடியாது. அதே இடத்தில் 7 நிலமும் அதில் 5 கறுப்பும் இருந்திருந்தால் தப்பியிருக்கும். கடைசி 3 மானாவுக்கு மூன்றாவது அபிலிட்டியைப் போட்டு +1/+1 கவுண்டர் ஏற்றினால், அடிப்படை 2/2க்கு இறங்கினாலும் கவுண்டரோடு 3/3. 2 சேதத்தைத் தாங்கும்.

அரீனா இதையெல்லாம் அட்சரம் பிசகாமல் செய்துகாட்டும். ஆனால் ஏன் செத்தது என்று ஒரு வரிகூடச் சொல்லாது. க்ரீச்சர் தூளாகும், அவ்வளவுதான். இந்த ஆப்பின் மேல் உள்ள பெரிய குறை இதுதான். விதிப்படி என்ன நடந்தது என்று பின்னால் போய் வாசிக்க, ஆட்டத்துக்குள்ளேயே ஒழுங்கான ஒரு பதிவு வேண்டும்.

நிலத்தைத் தானாகச் சாய்த்துத் தரும் வசதியிலும் கவனம் தேவை. மேலே சொன்ன மூன்று அபிலிட்டிக்கும் 6 மானாவில் 4 கறுப்பு கட்டாயம். 4 சுவாம்ப்பும் (கறுப்பு மானா தரும் நிலம்) 2 மவுண்டனும் (சிவப்பு மானா தரும் நிலம்) வைத்திருப்பவர் இரண்டாவதுக்கு ஒரு மவுண்டனும் ஒரு சுவாம்ப்பும், மூன்றாவதுக்கு ஒரு மவுண்டனும் இரண்டு சுவாம்ப்பும் கொடுத்தால் கணக்குத் தேறும். ஆப் ஒரு தடவை இரண்டு சுவாம்ப்பைச் சேர்த்துச் சாய்த்துவிட்டால் மூன்றாவது போச்சு. அபிலிட்டியைத் தட்டுவதற்கு முன்னால் நிலங்களை நீங்களே தட்டிச் சாய்த்துக்கொள்ளுங்கள். கணினியில் பிழையாகச் சாய்த்ததை ஸெட் விசையால் திருப்பலாம், அந்த மானாவைச் செலவழிக்காதவரை.

இனி ஃபுல் கன்ட்ரோல். கணினியில் கன்ட்ரோல் விசையை அழுத்தினால் கொஞ்ச நேரத்துக்கு, ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் நீங்கள் எடுக்கும்வரை. அதைப் போட்டுவிட்டால் அரீனா உங்கள் சார்பில் எதையும் கைவிடாது. ஒவ்வொரு கட்டத்திலும், ஒவ்வொரு ஸ்பெல்லுக்குப் பிறகும் நின்று கேட்கும். வழக்கமான நிலையில் உங்கள் ஸ்பெல்லைப் போட்டதும் ப்ரயோரிட்டி எதிராளிக்குப் போவதை ஆப்பின் சோம்பேறித்தனம் என்று சிலர் திட்டுவார்கள். அது நியாயமில்லை. தாளில், அதாவது அச்சடித்த கார்ட்டுகளோடு நேரில், நடக்கும் போட்டிகளுக்கான விதிகளும் அதையேதான் சொல்கின்றன. எதையாவது அடுக்கில் வைத்துவிட்டு "ப்ரயோரிட்டியை வைத்துக்கொள்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டால் கைவிட்டதாகவே கருதப்படும். ஃபுல் கன்ட்ரோல் என்பது அப்படி வாய்விட்டுச் சொல்வதற்குச் சமம்.

எப்போது உண்மையிலேயே தேவை? உங்கள் ஸ்பெல் ஒன்றை நீங்களே பிரதியெடுக்க வேண்டும் என்றால் தேவை. அது தீர்ந்து போவதற்குள் பிரதியெடுக்கும் அட்டையை மேலே ஏற்ற வேண்டுமே. உங்கள் ட்ரிகர் (ஏதாவது நடக்கும்போது தானாகக் கிளம்பும் அபிலிட்டி) ஒன்று அடுக்கில் இருக்கும்போதே வேறொரு க்ரீச்சரைப் பலி கொடுக்க வேண்டும் என்றாலும் தேவை. எதிராளியின் அப்கீப்பில் (முறையின் தொடக்கக் கட்டம்) ஏதாவது செய்ய ஃபுல் கன்ட்ரோலும் வேண்டாம், கணினியில் அந்தக் கட்டத்தின் சின்னத்தைத் தட்டி ஒரு நிறுத்தம் வைத்தால் போதும்.

எதிராளி போட்ட ஒன்றுக்குப் பல அபிலிட்டியைப் பதிலாகப் போடுவதற்கு ஃபுல் கன்ட்ரோல் பெரும்பாலும் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. 'வோக்கிங் பலிஸ்டா' என்ற க்ரீச்சர் 3 கவுண்டரோடு நிற்கிறது, எதிராளி அதன்மேல் 3 சேதம் தரும் 'லைட்னிங் போல்ட்' போடுகிறார். பலிஸ்டாவுக்கு ஒரு கவுண்டரை எடுப்பதுதான் செலவு, 1 சேதம் விளைவு. ஒன்றைப் போடுகிறீர்கள், அது தீர்கிறது, போல்ட் இன்னும் அடியில் இருக்கிறது, ப்ரயோரிட்டி திரும்ப வருகிறது. மூன்று தரமும் இப்படியே செய்யலாம். மூன்றாவது கவுண்டர் போனதும் பலிஸ்டா 0/0 ஆகி உடனே சவக்குவியலுக்குப் போகும். அதன் அபிலிட்டி மட்டும் அடுக்கில் இருந்து 1 சேதத்தைத் தரும். போல்ட்டுக்கு இருந்த ஒரே இலக்கும் போய்விட்டதால் அது தீராமலே விலகும்.

ஃபுல் கன்ட்ரோலைப் பூட்டிவைத்துவிட்டு மறப்பவர்களுக்கு இரண்டு தொல்லை. ஒன்று, திரி. நீங்கள் நேரம் எடுத்தால் திரையில் ஒரு திரி எரியத் தொடங்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தட்டிக்கொண்டிருந்தால் நீளமான ஆட்டத்தில் அது உங்களைச் சாப்பிடும். மற்றது, ஸ்பேஸ் விசை. அலுப்பில் அதை இரண்டு தரம் சேர்த்துத் தட்டினால், பதில் போட வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விடுவீர்கள். அடுக்கில் நடந்ததைப் பின்னோக்கித் திருப்ப வழியில்லை.

ஒரு நன்மையும் உண்டு. வழக்கமான நிலையில் எதிராளிக்குப் போடக்கூடியது ஏதாவது இருந்தால் ஆப் அங்கே ஒரு கணம் தாமதிக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் சட்டென்று போகும். அந்தத் தாமதத்தைப் பார்த்தே கையில் என்ன இருக்கும் என்று ஊகிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மானாவைத் திறந்து வைத்துக்கொண்டு கையில் வெறும் நிலத்தோடு ஃபுல் கன்ட்ரோலைப் போட்டு நின்றால், அவர்கள் இல்லாத ஒன்றுக்குப் பயப்படுவார்கள்.

ட்ரிகர்கள் பற்றிச் சுருக்கமாக: இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ட்ரிகர் வந்தால், யாருடைய முறையோ அவருடையவை முதலில் அடுக்கில் ஏறும், மற்றவருடையவை அதன் மேலே. எனவே மற்றவருடையதுதான் முதலில் தீரும். தன்னுடைய பல ட்ரிகர்களை அவரவர் விரும்பிய ஒழுங்கில் வைக்கலாம். அரீனாவில் இந்த ஒழுங்கைத் தானாகத் தீர்மானிக்கும் தெரிவு அமைப்புகளில் இருக்கிறது. பழகும்வரை அதை அணைத்து வையுங்கள். வார்ட் என்பது, தன்னை இலக்கு வைக்கும் எதிராளி கூடுதல் செலவு கட்டாவிட்டால் அவருடைய ஸ்பெல்லை ரத்துச் செய்யும் காப்பு. வார்ட் உள்ள க்ரீச்சரை இலக்கு வைத்தால் வார்ட் ஒரு ட்ரிகராக உங்கள் ஸ்பெல்லுக்கு மேலே ஏறும், அது தீரும்போதுதான் அந்தச் செலவைக் கேட்கும். அதற்கான மானாவை முன்கூட்டியே ஒதுக்கி வைக்காதவர்கள் ஸ்பெல்லையும் இழந்து முகத்தையும் சுளிப்பார்கள்.

யூகியோ என்ற இன்னொரு கார்ட் விளையாட்டைப் பழகிவிட்டு வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2022இல் வந்த 'மாஸ்டர் டூயல்' என்ற யூகியோ ஆப்பில் சங்கிலியும் (அங்கே அடுக்குக்குப் பெயர் அது) கடைசி முதலாகத்தான் தீரும். ஆனால் தீரத் தொடங்கிவிட்டால் முடியும்வரை யாரும் நடுவில் புகுந்து எதையும் சேர்க்க முடியாது. ஷாக் அடியில் கிடக்கும்போதே ஸ்லீப்பரின் ஒரு அபிலிட்டியைத் தீரவிட்டு, பிறகு அடுத்ததை ஏற்றிய வித்தை அங்கே செல்லாது. அங்கிருந்து வருபவர் அரீனாவில் எல்லாப் பதிலையும் முதலிலேயே கொட்டிவிடுவார், காத்திருந்தால் பாதி மானா மிஞ்சியிருக்கும். சங்கிலி இணைப்புகளுக்கு எண் போட்டுக் காட்டுவதில் மாஸ்டர் டூயல் அரீனாவைவிட எவ்வளவோ தெளிவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அரீனாவுக்கு இணையம் அறாமல் வேண்டும். மாரியில் மின்சாரம் போய் வரும் இரவுகளில் தரவரிசை ஆட்டத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது. இணைப்பு அறுந்தாலும் ஆட்டம் உங்களுக்காக நிற்காது, திரி எரியும். ஆப்பைத் திரும்பத் திறந்தால் ஆட்டத்துக்குள் விடும், அதற்குள் அடுக்கு தீர்ந்திருக்கும். போனில் விசைப்பலகைக் குறுக்குவழிகள் இல்லை. சின்னத் திரையில் நாலைந்து அபிலிட்டி ஏறினால் அம்புகள் ஒன்றோடொன்று சிக்கும். அடுக்கைப் படிக்க விரும்புபவர் கணினியிலேயே தொடங்கட்டும். காசு கட்டாயமில்லை. ஒரு கார்ட் பக்கெட் 1000 கோல்ட் (ஆப்புக்குள் கிடைக்கும் காசு), அது விளையாடியே சேரும். ஜெம் என்ற மற்றக் காசை வாங்குவதென்றால் விலை டொலரில், 750 ஜெம் 4.99. ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரே செயலை முடிவில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கார்ட் சேர்க்கைகளுக்கு (கொம்போ) இந்த ஆப் உதவாது. தாளில் "இதை ஐம்பது தரம் செய்கிறேன்" என்று ஒரு வாக்கியத்தில் முடிக்கலாம். இங்கே ஐம்பது தரமும் தட்ட வேண்டும், திரி அதற்குள் தீரும்.

பழகுவதற்கு நல்ல வழி: ஸ்பார்க்கி என்ற பயிற்சி எதிராளியோடு ஃபுல் கன்ட்ரோலைப் பூட்டிவைத்து ஆடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இப்போது உச்சியில் என்ன, யாரிடம் ப்ரயோரிட்டி என்று சொல்லிவிட்டுத் தட்டுங்கள். தடுமாறும் இடத்தில் விதிப்புத்தகத்தைத் திறவுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. ப்ரயோரிட்டிக்கு 117, அடுக்குக்கு 405, அபிலிட்டி ஆக்டிவேட் செய்வதற்கு 602, தீர்வதற்கு 608. பிறகு தாளில் ஆடும்போது ஸ்பெல் கார்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்று விலக்கி வையுங்கள். அபிலிட்டிக்குக் கார்ட் இல்லையே என்பதால் ஒவ்வொரு ஆக்டிவேஷனுக்கும் ஒரு தாயக்கட்டையை அதே குவியலில் வையுங்கள், எத்தனையாவது அபிலிட்டியோ அந்த எண் மேலே தெரிய. தீர்ந்ததும் கட்டையை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் அந்த அபிலிட்டி தீர்ந்ததா இல்லையா என்று சண்டை திரும்பத் தொடங்கும்.